காய்ச்சிய ஏரித் தண்ணீர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பொய் எழுத மனம் வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை, இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் வாயில் வந்ததெல்லாம் கொட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஏரி பச்சையாகிவிட்டது என்று முன்பே சொன்னேன் அல்லவா, இப்போது பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி கரையெல்லாம் பாசி மிதக்கிறது, நாற்றம் சமையலறை வரை வருகிறது. மேட்டு வயல்களில் அள்ளிக் கொட்டுகிற உரமெல்லாம் மழையோடு இங்கேதான் வந்து சேர்கிறது, வெயிலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. தண்ணீரைத் தொடாதீர்கள் என்று அதிகாரிகள் ஒரு பலகை வைத்தார்கள், அதையும் யாரும் போகாத பழைய படகுத்துறையில் நட்டிருக்கிறார்கள், மீன்கள் படித்துக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ. பக்கத்து வீட்டு நாய் கரையில் நக்கிவிட்டு வந்து வாசலிலேயே செத்தது. அப்போதும் உன் அப்பாவுக்கு உறைக்கவில்லை. இத்தனை வருஷம் படகு ஓட்டிய ஏரி எனக்கா கெடுதல் செய்யும் என்கிறார். குழாய்த் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறதாம், குடிக்க ஏரித் தண்ணீர்தான் வேண்டுமாம்.

நான் தடுத்துத்தான் பார்த்தேன். நீதான் போனில், "நல்லா காய்ச்சிக் குடிங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாய். படித்த பிள்ளை சொல்லிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நம்பி, இன்னும் நல்லதாக இருக்கட்டும் என்று பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சிக் கொடுத்தேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்தப் பாசியில் இருப்பது கிருமி இல்லையாம், விஷமாம், கொதிக்க வைத்தால் போகாதாம், பாசி உடைந்து இன்னும் கூடுதலாக இறங்குமாம், சுண்டச் சுண்டக் கடுமையாகுமாம். ஈரலைப் பிடித்திருக்கிறது, இன்னொரு தடவை குடித்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். அதை என் கையால்தானே ஊற்றிக் கொடுத்தேன்.

நீ என்ன செய்தாய், வருத்தப்பட்டாய், வடிகட்டும் இயந்திரம் ஒன்று அனுப்பினாய். அது பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நேற்று மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், அதற்குள் அவர் ஏரிக்குப் போய்க் குடத்தை நிரப்பி வந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். கேட்டால், அந்த டாக்டருக்கு என்ன தெரியும், என் பையன் காய்ச்சினால் போதும் என்று சொல்லியிருக்கிறான் என்கிறார். அப்படியே சாக்கடையில் கொட்டினேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் சரி.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. இப்போது வரவழைத்துக்கொள். இதைப் படித்த கையோடு அவரைக் கூப்பிடு, சுற்றி வளைக்காமல், "அப்பா, நான் சொன்னது தப்பு" என்று சொல். திட்டுவார், கேட்டுக்கொள்.

மூன்று பேருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, கோபத்தில் அது குறையாது. விடுமுறைக்குக் குழந்தையை இங்கே அனுப்பாதே. சீக்கிரம் கூப்பிடு, நான் எத்தனை நாள்தான் தூங்காமல் அடுப்புக்குக் காவல் இருப்பது.

உன் அம்மா