வாபஸ் வாங்க முடியாத புகார்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

வலது கை இன்னும் மாவுக்கட்டுலதான் இருக்கு. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதறா. ஃபோன்ல பேசினா அழுதுடுவேன், அதான் கடிதம். தையல் கடை பூட்டிக் கிடக்கு. பாதி வெட்டின துணி எல்லாம் அப்படியே இருக்கு, வாடிக்கைக்காரங்க வந்து வாசல்ல நின்னு முனகிட்டுப் போறாங்க.

நல்ல சேதி ஒண்ணு. வீட்டைப் பிரிச்சுக் குடுன்னு என் மேல கேஸ் போட்டானே என் பையன், அதை வாபஸ் வாங்கிட்டான். நேத்து வந்து வாசப்படியிலேயே நின்னுக்கிட்டு, "என் கேஸை நான் எடுத்துட்டேன்மா, உன் கேஸை நீ எடுத்துடு"ன்னான். பெத்த பிள்ளை அப்படிக் கேக்கறப்போ என்ன சொல்ல? சரின்னுட்டேன். என்னைத் தள்ளிவிட்டுக் கையை உடைச்சான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தேனே, அதைத் திருப்பி வாங்க யாரைப் பாக்கணும்னு உடனே எழுது. அவன் ஜாமீன்ல வந்து, பொண்டாட்டி இங்க இருக்க, சிநேகிதன் ரூம்ல கிடக்கான். துரும்பா இளைச்சுட்டான்.

"போய்ப் புகார் குடு, அப்பத்தான் புத்தி வரும்"னு நீதான் சொன்னே. வந்துடுச்சு. இனி போதும்.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கையை ஆட்டாமல் வைத்துக்கொள். கடை எங்கேயும் ஓடிவிடாது.

நீ நினைக்கிற மாதிரி நடக்காது அக்கா. இரண்டு வழக்கும் ஒரே கட்டடத்தில் நடப்பதால், அம்மாவும் பிள்ளையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டீர்கள். வீட்டு வழக்கு சிவில். அது உங்கள் இருவருக்குள் உள்ள சங்கதி, சமாதானம் ஆனால் நீதிபதி கோப்பை மூடிவிடுவார். எலும்பை உடைத்தது கிரிமினல். அதில் வழக்குப் போட்டது அரசு. நீ வெறும் சாட்சி.

சட்டக் கல்லூரியில் புதுசாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். ஒரு காலத்தில் அடிபட்டவனின் ஆட்கள் போய்த் திருப்பி அடித்தார்கள். ஆள்பலம் இருந்தவன் ஜெயித்தான், இல்லாதவன் வாயை மூடிக்கொண்டான். அதை நிறுத்தத்தான் ராஜா, "உன் கோபத்தை என்னிடம் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கேட்டதும் திருப்பித் தந்தால், அடித்தவனே வந்து வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். உன் வாசலில் அவன் நின்ற மாதிரி.

கோர்ட்டில் கூப்பிடுவார்கள். நடந்ததைச் சொல். புகார் கொடுக்கச் சொன்னது நான்தான், அதை மறுக்கவில்லை.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

பாடம் நடத்தினது போதும். என் பிள்ளையைப் பத்தி உன் ராஜாவுக்கு என்ன தெரியும்? அவன் காய்ச்சல்ல கிடந்தப்போ அவரா கண்ணு முழிச்சார்? கை என்னோடது, உடைச்சவன் நான் பெத்தவன், நடுவுல அரசு யாரு?

தண்டனை எதுக்குன்னு நீயே சொல்லுவியே, பயமுறுத்த, திருத்த, மத்தவங்களைக் காப்பாத்தன்னு. அவன் பயந்துட்டான். திருந்திட்டான். காப்பாத்தறதுக்கு இங்க யார் இருக்கா? ஈரத்தரையில நானே வழுக்கி விழுந்தேன், கோபத்துல அவன் பேரைச் சொல்லிட்டேன்னு கூண்டுல ஏறிச் சொல்லப்போறேன். விடுதலை ஆன அன்னைக்கே வீட்டுக்கு வந்துடுவான்.

இதுல இருந்து என் இடது கை எழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. மேல இருக்கற வரியை எழுதினதும் மருமகள் பேனாவை வெச்சுட்டு எழுந்து உள்ள போயிட்டா. என்னடின்னா, கை வலிக்குது அத்தைங்கறா. பத்து வரி எழுதறதுக்குள்ள வலியாம்.

நீ குறுக்க நிக்காதே. நின்னா எனக்குத் தம்பியே இல்லன்னு வெச்சுக்குவேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

பொய்ச் சாட்சி குற்றம் என்றால் வாத்தியார் பேச்சு என்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண் ஏன் பாதியில் எழுந்து போனாள்? அந்த வரியில் ஏன்? பிள்ளையை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். கேட்ட பிறகு கூண்டில் ஏறி உன் இஷ்டம் போலச் சொல். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

கேட்டேன். மருமகள் முழுக்கை ரவிக்கையை முழங்கை வரைக்கும் ஏத்தித் தழும்பைக் காட்டினா. அதைத் தைச்சுக் குடுத்ததே நான்தான். இந்த வெயில்ல எதுக்குடி முழுக்கைன்னு கேலி பண்ணிக்கிட்டே அளவெடுத்தேன். தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் டேப்பை வெச்சவ, ஒண்ணையும் பாக்கல.

கோர்ட்டுல நடந்ததைச் சொன்னேன். வழுக்கித்தானே விழுந்தீங்கன்னு அவன் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். இல்ல, என் பிள்ளை தள்ளினான்னேன். அவன் "அம்மா"ன்னான்.

தீர்ப்பு நேத்து வந்துச்சு. ஒரு வருஷம். வீட்டுக்கு வந்ததும் மருமகள் கூடத்துலயே படுத்தா. விளக்குப் போடற வரைக்கும் அசையாம தூங்கினா. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அவ அப்படித் தூங்கி நான் பாத்ததில்ல.

நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. எல்லாம் சரிதான். ஆனா உன் கையெழுத்தைப் பாத்தாலே அவன் கூப்பிட்டது காதுல விழுது. லீவுக்கு இங்க வராதே. நானா எழுதற வரைக்கும் நீயும் எழுதாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா