படத்தின் ஓரத்தில் ஒரு விரல்

அன்புள்ள அக்கா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பல் முளைக்கிற காய்ச்சல்தானாம், விட்டுவிட்டது.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். உன் மருத்துவமனையில் காலாவதியான மருந்து கொடுப்பதைப் பற்றி நான் எழுதிய செய்திக்காகத்தான். தகவல் தந்தது யார் என்று கேட்டார்கள். சொல்லாவிட்டால் புதுச் சட்டப்படி மூன்று வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண் போலீஸ் பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பாப்பா வீரிட்டு அழுதாள். "ஊர் உண்மையெல்லாம் எழுதுறீங்க, இந்த போன் லாக் நம்பர் மட்டும் வாயில வராதாம்மா? சொல்லிட்டுப் புள்ளைய வாங்கிக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லிவிட்டேன், அக்கா.

நாம் பேசிக்கொண்டதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டேன். நீ எடுத்தனுப்பிய மருந்துப் பதிவேட்டின் படங்களை மட்டும் ஆதாரத்துக்காக வைத்திருந்தேன். மூன்றாவது படத்தின் ஓரத்தில், பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும் உன் கட்டைவிரல் தெரிகிறது. இஸ்திரிப்பெட்டி சுட்ட அந்தத் தழும்போடு. பத்திரிகையில் போடும்போது ஓரத்தை வெட்டியது நான்தான். போனில் இருந்ததை வெட்ட மறந்துவிட்டேன்.

உன் மருத்துவமனையில் அந்தத் தழும்பைத் தெரியாதவர்கள் யார்? நாளை வேலைக்குப் போகாதே. விடிவதற்குள் இவர் இந்தக் கடிதத்தோடு வருவார். இவருடனேயே வக்கீல் வீட்டுக்குப் போய்விடு.

என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதி இவரிடம் கொடுத்தனுப்பு. சீக்கிரம் எழுது.

உன் தங்கை