பெருநாளுக்குப் பிறகும் நோன்பு

என் தங்கச்சிக்கு,

பக்கத்து அறையில் இருந்துகொண்டே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய்.

பெருநாள் முடிந்து ஒரு மாதமாகியும் நீ நோன்பை விடவில்லை. "பதினாறு வயசுப் புள்ளட ஈமானப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் உம்மா சொல்கிறார். மெலிந்த உன் முகத்தில் அவருக்கு ஒளி தெரிகிறதாம்.

உன் உதட்டுப் புண்ணைப் பார்க்கும்வரை நானும் நம்பினேன். "உடம்புச் சூடு ராத்தா" என்றாய். நித்திரையில்லாத கண்களுக்கு, "சோதினை வருதுதானே" என்றாய். உள்துறைமுக வீதியில் உன் கூட்டாளி ஐஸ் போதைப்பொருளோடு பிடிபட்டதை மட்டும் நீ சொல்லவேயில்லை. அதை எடுப்பவர்களுக்குப் பசிக்காது என்று அன்றுதான் வாசித்தேன்.

சந்தேகம் பாவம் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

நேற்று உம்மாவும் நானும் உன்னோடு நோன்பு பிடித்திருந்தோம். அந்தியில் பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் உம்மாவின் கையும் என் கையும் தண்ணீருக்குப் போயின. உன் கை மடியிலேயே கிடந்தது. "தண்ணியக் குடி புள்ள" என்று உம்மா சொன்ன பிறகுதான் கோப்பையைத் தேடினாய். பகல் முழுக்கத் தாகத்தோடு இருந்தவளுக்கு அதை ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டுமா?

உம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா. எனக்குத்தான் சுகமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே உன்னை ஏச மாட்டார்கள், விசாரித்துவிட்டேன்.

இதை உன் தொழுகைப் புடவை மடிப்புக்குள் வைக்கத்தான் நினைத்தேன். நீ அதை விரித்து எத்தனை நாளோ என்று பயமாக இருந்தது. உன் போனுக்குக் கீழே வைக்கிறேன்.

உன் ராத்தா