பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்

நெய்வேலி, 9-வது பிளாக்
14.8.1983

அன்புள்ள வேணுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு மைன்ஸில் இந்த வாரம் பகல் ஷிப்ட். கொல்லை முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. நீ மூன்று கடிதத்திலும் பிரமோஷன் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், எழுதக் கை வராமல் தள்ளிக்கொண்டே வந்தேன், இனியும் மறைப்பதற்கில்லை.

பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் மாறி மாறி எடுக்கிறேன். நீ தூங்கிய பிறகு படித்து அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்ததும், அப்புறம் பி.எட். எழுதியதும் உனக்கே தெரியும். பத்தாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர் மே மாதம் ஓய்வு பெற்றதும் அந்த இடம் எனக்குத்தான் என்று போன வருஷமே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அஞ்சல் வழிப் பட்டம் செல்லும் என்று மேலாபீஸிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார்கள். நானும் விண்ணப்பம் அனுப்பினேன். ஏழு மாதம் ஆயிற்று, நேரில் போனால் பைல் வேறு மேஜைக்குப் போய்விட்டது என்கிறார்கள்.

ஜூலை கடைசியில் ஹெட்மாஸ்டர் சடையப்பன் கூப்பிட்டு அனுப்பினார். மாதம் முடிவதற்குள் ஆள் போடாவிட்டால் அந்த இடத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமாம். "உங்க சான்று வராதும்மா. நீங்க வேணாம்னு எழுதிக் குடுத்தா அடுத்தது துரைராஜுக்குப் போடலாம். இல்லன்னா பசங்களுக்கு வாத்தியாரே இல்லாம பூடும்" என்றார். அவர் கெட்டவரில்லை, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. துரைராஜ் எங்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தான், காலேஜில் படித்த பையன், அவனுக்கு அந்தச் சான்று தேவையில்லை. வாசலில் நின்றுகொண்டு, "நீங்க எழுதாதீங்க டீச்சர், எனக்கு வேணாங்க" என்று அழுதான். ஜன்னல் வழியே பத்தாம் வகுப்பைப் பார்த்தேன், ஜூனிலிருந்து பாடமே நடக்காமல் நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வேண்டாமென்று எழுதினால் மூன்று வருஷம் பட்டியலில் பெயரைச் சேர்க்க மாட்டார்களாம். அதற்குப் பிறகும் நான் ஓய்வு பெறும்வரை வேறு இடம் காலியாகப் போவதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, "மைன்ஸ்ல ஷவல் மெஷின் ஓட்டறவனுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு கிரேடு ஏறுது, உனக்கு என்னாத்துக்கு இந்தப் படிப்பு" என்று சத்தம் போட்டார். இப்போது துரைராஜ் சாயங்காலத்தில் வந்து பாடக் குறிப்பு கேட்கிறான், என் நோட்டுகளைக் கொடுத்திருக்கிறேன், நன்றாகத்தான் நடத்துகிறான்.

போன வாரம் ஆசிரியர்களின் தரத்தையும் சம்பளத்தையும் சீர்திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு படிவம் வந்தது. ஆசிரியர் சங்கத்து நல்லசாமி, "இந்தத் தபா எல்லாம் மாறிடுங்க டீச்சர்" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் இதையேதான் சொன்னார்கள். பதவி உயர்வு முறையைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டு, கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த வரிகளை வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இதற்காக நீ யாருக்கும் மனு எழுத வேண்டாம், அப்பாவிடமும் கேட்காதே, அவர் இன்னும் ஆறவில்லை. நீ செய்யும் வேலையில் உன்னை மதிக்கிறவர்கள் இருக்க வேண்டும், ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். குளிர் வருவதற்குள் கம்பளி வாங்கிக்கொள்.

உன் அம்மா,
ம. சந்திரா,
இடைநிலை ஆசிரியை