ஆர்க்கிட் வேரில் ஒரு விரல் நீளம் கோரி

அனுப்புநர்
ஆராய்ச்சியாளர்,
பூஞ்சை ஆய்வகம், பின்கட்டிடம்.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டிடம்.

பொருள்: பூஞ்சை ஆய்வகத்தில் பூஞ்சை ஒழிக்கப்பட்டது – எஞ்சிய செடியிலிருந்து வேர்த்துண்டு கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆய்வகத்துக்குத் தூய்மைக் கேடயம் வழங்கியமைக்கு முதற்கண் நன்றி. கதவில் "பூஞ்சையற்ற அறை" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். முற்றிலும் உண்மை. பூஞ்சையை ஆராயும் எனக்கு இனி உள்ளே வேலையில்லை.

2. ஆர்க்கிட் வேருக்குள் சில பூஞ்சைகள் செடிக்குக் கேடு செய்யாமல் குடியிருக்கும். பின்புற மரத்தில் ஒட்டி வளர்ந்த ஆர்க்கிட்டிலிருந்து அப்படி ஒன்றைப் பிரித்து வளர்த்தேன். அப்போது என் தம்பிக்குக் காலில் அறுவை செய்த புண் ஆறாமலிருந்தது. அதிலிருந்த கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. மருத்துவமனை அனுமதியோடு அக்கிருமியை வாங்கிவந்து பூஞ்சையோடு ஒரே ஆய்வுத் தட்டில் வளரவிட்டேன். பூஞ்சையைச் சுற்றிக் கிருமி அண்டவே இல்லை. இது மருந்தென்று சொல்லவில்லை. மருந்தாகப் பல வருடங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனாலும் அன்று அந்த மூடிய தட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

3. நான் தம்பியோடு மருத்துவமனையில் இருந்தபோது தங்கள் தூய்மைக் குழு வந்து, தட்டுகளில் பூஞ்சை பிடித்திருப்பதைக் கண்டு, அனைத்தையும் கிருமிநாசினியில் ஊறவைத்திருக்கிறது. அப்பூஞ்சையைக் குளிர்பெட்டியில் சேமித்திருந்த குப்பிகளும் தப்பவில்லை. குழுத்தலைவரிடம் கேட்டேன். "பூஞ்சைன்னா பூஞ்சைதான் மேடம். நல்லது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்க எங்களுக்கு உத்தரவு இல்ல" என்றார். பணிவாகத்தான் சொன்னார்.

4. தம்பியிடம் சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, அந்தக் குழுவ என் காலுக்கு அனுப்பி வையேன்" என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

5. மறுபடி பிரித்தெடுக்கலாமென்று மரத்தடிக்குப் போனால், வாகன நிறுத்தத்துக்காக மரமே வெட்டப்பட்டிருந்தது. வேறிடங்களில் கிடைத்த அதே இன ஆர்க்கிட்டுகளின் வேரில் வேறு பூஞ்சைகள். கிருமி அவற்றைப் பொருட்படுத்தவில்லை. மரத்திலிருந்த செடியை அழகுக்காகத் தங்கள் வரவேற்பறையில் வைத்திருப்பதாகத் தோட்டக்காரர் சொன்னார். வந்து பார்த்தேன். செழிப்பாக இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமலிருக்க வாரந்தோறும் மருந்தடிப்பதாகத் தங்கள் உதவியாளர் பெருமையுடன் தெரிவித்தார். வேர் கேட்டேன். அலுவலகச் சொத்தில் கைவைக்க மனு வேண்டும் என்றார். இதுவே அம்மனு.

ஆகவே, நாளை மருந்தடிக்குமுன் ஒரு விரல் நீள வேரை வெட்டிக்கொள்ள அனுமதிக்குமாறும், இனி மருந்தடிப்பதை நிறுத்துமாறும் வேண்டுகிறேன். தூய்மைக் குழுவினர்மீது நடவடிக்கை கோரவில்லை. வேருக்குள் அந்தப் பூஞ்சை இன்னும் உயிரோடிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தம்பியின் காலை எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். எனவே இது அவனுக்காக அல்ல. அதே கிருமி இப்போது பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கிறது.

செடி பூத்திருக்கிறது. பூவை நான் கேட்கவில்லை ஐயா. அது தங்களிடமே இருக்கட்டும்.

இடம்: ஆய்வக வராந்தா
நாள்: மருந்தடிப்புக்கு முந்தைய நாள்

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆராய்ச்சியாளர்