அந்த எச்சரிக்கையை நீ நிறுத்தவில்லை

இன்று காலை யன்னலைத் திறந்ததும் வாய்க்கால் பக்கமிருந்து செத்த இறாலின் நாற்றம் அடித்தது. ஊற்றிய தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டேன். உன் நினைவு வந்தது. கூடவே நம் அலுவலகப் பணிப்பாளரின் முகமும்.

சிலாபத்து அலுவலகத்தில் நாம் இருவரும் பார்த்த வேலையை நம் வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடிந்ததே இல்லை. இறால் பண்ணைக் குளங்களிலிருந்து தண்ணீரின் உப்பும் சூடும் அளவுகளாக வந்துகொண்டே இருக்கும். எந்தக் குளத்தில் நோய் வரப்போகிறது என்று அவற்றைக்கொண்டு கணிக்கும் மொடல்களை நான் எழுதுவேன். ஒவ்வொன்றையும் கொண்டெய்னர் என்ற மென்பொருள் பெட்டியில் அடைத்து, பல சேர்வர்களை ஒன்றாகப் பிணைத்த கிளஸ்டரில் ஓடவிடுவாய் நீ. ஒரு சேர்வர் விழுந்தால் அதிலிருந்தது இன்னொன்றில் தானாக எழும்பும். "நான் ஹஜ்ஜுக்குப் போனாலும் இது நிக்காம ஓடும்டி" என்று சிரிப்பாய்.

பணிப்பாளருடைய மச்சினனின் பெரிய பண்ணையில் நோய் என்று மொடல் சொன்ன அன்று, பணிப்பாளர் உன் மேசைக்கே வந்துவிட்டார்.

"அந்த எச்சரிக்கைய கொஞ்சம் நிப்பாட்டி வைங்க மகள். மச்சினன் நோய்க் குளத்துத் தண்ணியத் திறந்துவிட்டு முடிக்கட்டும்."

"அந்தத் தண்ணி கடலோரக் களப்புக்குத்தானே சேர் போகுது? அதைத்தானே மத்தவங்க குளத்துக்கு இறைக்கிற. நிப்பாட்ட ஏலா."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பண்ணைக்காரருடைய தொலைபேசிக்கும் எச்சரிக்கையை அனுப்பினாய். உடப்புக் கிராமம்வரைக்கும் சின்னப் பண்ணைக்காரர் பம்பை நிறுத்திக் குளங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அலுவலகக் கணினிகளைத் தவறாகப் பாவித்தாய் என்று உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து நீ மௌத்தானாய். அனுதாபக் கூட்டத்தில் அதே மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளஸ்டருக்கு உன் பெயரைச் சூட்டினார். கைதட்டினார்கள். உன் பெயர் ஒட்டிய அந்தக் கிளஸ்டரிலிருந்து அவர் தலையாட்டாமல் ஒரு எச்சரிக்கையும் வெளியே போவதில்லை.

அடுத்த நாளே விலகினேன். சின்னப் பண்ணைக்காரர் சேர்ந்து எடுத்துத் தந்த ஓர் அறையில், பழைய சேர்வர்களை நீ செய்ததுபோலவே பிணைத்து வைத்திருக்கிறேன். மச்சினனின் பண்ணைத் தண்ணீர் வரும் வாய்க்காலிலும் அளவுகருவி வைத்திருக்கிறோம். நோய் என்று மொடல் சொன்னால், யாருடைய கையும் படாமல் எல்லாருக்கும் செய்தி போகும்.

சற்று முன் பணிப்பாளர் அழைத்தார். "மச்சினன்ட பண்ணை விசயத்த முதல்ல எனக்குச் சொல்லுங்களேன் மகள்."

"அது நேத்தே எல்லாருக்கும் போயிட்டு சேர்."

ஸலாம் சொல்லாமலே வைத்துவிட்டேன். இப்படிப் பேச எனக்கு ஒருநாளும் வராது. இது நீ விட்டுப்போனது.