'ஏன்' என்று கேட்டால் பதில் வராது

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலே சத்தம் நின்று இன்றோடு இருபத்திரண்டு நாள்.

மின்விசிறி முனகுவது கேட்கிறது. இவர் தட்டில் கரண்டியை இடிப்பது கேட்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு மத்தியானம் படுத்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

நாலு மணிக்கு மேல்வீட்டுக்காரி வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவளைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. அவளுடைய முன் அறைகள் இரண்டிலும்தான் குழந்தைகள் காப்பகம் நடந்தது. இப்போது இரண்டுக்கும் மாநகராட்சி சீல். பின்னால் இருக்கிற சமையலறையிலும் ஒரு சின்ன அறையிலும் முடங்கிக் கிடக்கிறாள். கதவில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைப் பிரித்துப் பிரித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. 'பொதுமக்கள் புகாரின் பேரில்' என்று ஒரே வரி. ஏப்ரல் 20-க்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் நிரந்தரமாக மூடல்.

"அக்கா, என்ன புகார்னே தெரியாம நான் என்னத்தைன்னு பதில் சொல்றது? அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கலாமாமே. எனக்கு ஆபீசுக்கு எழுத வராது. நீங்க அங்கேயே முப்பது வருஷம் குப்பை கொட்டினவங்க."

முப்பத்தொரு வருஷம். மாநகராட்சித் தட்டச்சுப் பிரிவு.

"அதுக்கென்ன, எழுதித் தரேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இவர் பெருமையாகச் சிரித்தார். "அவளை மாதிரி மனு எழுத இந்தத் தெருவுலயே ஆள் கிடையாதும்மா."

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்தப் புகாரைக் கொடுத்தது நான்தான்.

பிப்ரவரி 12, புதன்

டிசம்பரில் ஒரு நாள். தலைவலி மண்டையைப் பிளந்தது. மேலே நாற்காலி இழுக்கிறார்கள், பந்து உருட்டுகிறார்கள், ஒன்பது பேர் சேர்ந்து குதிக்கிறார்கள். இவருக்கு ஒரு கவலையும் இல்லை, காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குறட்டை விடுகிறார். எங்கள் வீட்டில் இரண்டு பேர் காதுக்கும் சேர்த்து நான்தான் கேட்க வேண்டும். கணினியைப் போடக்கூடப் பொறுமையில்லை. கையில் கிடைத்த தாளில் எழுதினேன்.

எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் புத்தி வந்துவிடும் எனக்கு. ஒன்பது குழந்தை என்றால் அதிகாரி அசைய மாட்டார் என்று தெரியும். 'முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள்' என்று எழுதினேன். ஜனவரியில் ஆய்வுக்கு வந்த ஆள் எண்ணிப் பார்க்கவில்லை, குழந்தைகள் வராத சனிக்கிழமை வந்தான் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை சீல்.

ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கொஞ்சம் அடங்குவாள் என்றுதான் நினைத்தேன். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லையா? எத்தனை சீல் உத்தரவு தட்டச்சு செய்திருக்கிறேன்.

இன்று அவளுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். அழகாக, ஓரம் விட்டு, எண் போட்டு. ஐந்து கேள்வி. ஐந்தும் 'ஏன்'. ஏன் முன்னறிவிப்பு தரப்படவில்லை, ஏன் நேரில் விசாரிக்கப்படவில்லை என்று போகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தின் நகலைக் கேட்டால் தந்தே தீர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்டால் தர வேண்டியதில்லை. 'விளக்கம் கோருவதால் வழங்க இயலாது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இது மேல்வீட்டுக்காரிக்குத் தெரியாது.

அவள் படித்துவிட்டு, "நான் மனசுல நெனச்சதை அப்படியே எழுதிட்டீங்கக்கா" என்றாள்.

பெயரை மையடித்து மறைத்துத்தான் நகல் தருவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அரைகுறையாக மையடிக்கிற கிளார்க்குகளையும் எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும்.

பிப்ரவரி 13, வியாழன்

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள். ரசீது தொலைந்துவிடும் என்று என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறாள். இந்த நோட்டில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

படியில் ஒரு நர்ஸ். சீருடையோடு, தோளில் பெண் குழந்தை. வேறு காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லையாம். சீல் வைத்த கதவைக் காட்டி அந்தக் குழந்தை, "தொற, தொற" என்று காலை உதைக்கிறது. நான் காய்கறிப் பையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"உங்க வீட்டுக்கு நேர் மேலதானேம்மா? ரொம்பத் தொந்தரவா இருந்திருக்கும்" என்று அந்த நர்ஸ் என்னிடம் வருத்தம் தெரிவித்தாள்.

அப்படியெல்லாம் இல்லை என்றேன். காய்கறிப் பையை எங்கே வைத்தேன் என்று பிறகு அரைமணி நேரம் தேடினேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மேல்வீட்டுக்காரிக்கு வாட்ச்மேன்மேல் சந்தேகம். படியில் குழந்தைகளின் செருப்பு குவிந்து கிடக்கிறது என்று அவர் ஒரு நாள் சத்தம் போட்டாராம். அதனால் அவர்தான். பத்து நாளாக அவரோடு பேச்சில்லை. கட்டடச் சங்கத்திலும் சொல்லிவிட்டாள். மார்ச் முடிந்ததும் வேறு ஆள் பார்க்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

மத்தியானம் அந்த மனிதர் என் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"அம்மா, நீங்கதான் அவங்களுக்கு எழுதிக் குடுக்கறீங்களாமே. நல்லா அழுத்தி எழுதுங்கம்மா. அந்தப் பேப்பர் சீக்கிரம் வந்தா போதும். நான் இல்லேன்னு தெரிஞ்சிரும்."

"வரும்" என்றேன்.

"உங்களைத்தாம்மா மலை மாதிரி நம்பியிருக்கேன்."

கதவைச் சாத்திவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். என்ன பொம்பளை நான். செஞ்சது நான், பழி அவன் தலையில, அதைத் தீர்க்கறதுக்கும் என்கிட்டயே வந்து நிக்கறான்.

மார்ச் 7, வெள்ளி

பதில் வந்துவிட்டது. 'கேட்கப்பட்ட தகவல்கள் விளக்கம் கோருவதாக உள்ளதால் வழங்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் இந்த வரியை. என் விரல்கள் ஆயிரம் முறை அடித்த வரி.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பரவாயில்லக்கா, நீங்க இவ்வளவு மெனக்கெட்டீங்களே" என்று என்னைத் தேற்றினாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். எப்போதும் அப்படித்தான் சாத்துகிறாள் போலிருக்கிறது, நான்தான் கவனித்ததில்லை.

ஒரு மாதத்தை விழுங்கிவிட்டேன். அவளிடம் மிச்சம் ஆறு வாரம்.

மார்ச் 8, சனி

சொல்லிவிடலாம் என்று மாடி ஏறினேன். அவள் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே யாரிடமோ போனில், "கீழ்வீட்டு அக்கா இருக்காங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்துவிட்டேன். பதினெட்டுப் படி. ஏறும்போதும் எண்ணினேன், இறங்கும்போதும் எண்ணினேன்.

மார்ச் 10, திங்கள்

எழுதிவிட்டேன். இந்த முறை ஒழுங்காக.

ஒரு 'ஏன்' கிடையாது. நோட்டீஸ் எண், தேதி, வார்டு, பிரிவின் பெயர். புகார் மனுவின் நகல். ஆய்வுக்கு வந்தவரின் அறிக்கையின் நகல். கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளின் நகல். எந்த அலமாரியில் எந்தக் கட்டு என்பதைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைத் தட்டிக்கழிக்க எவனாலும் முடியாது.

கையால் எழுதினேன்.

"பிரிண்டர் ஓடலையாக்கா?" என்று கேட்டாள்.

"மை தீர்ந்துபோச்சு."

மை இருக்கிறது. முந்தாநாள்தான் இவருடைய மருத்துவச் சீட்டை அச்செடுத்தேன். என் 'ழ'வுக்கு வால் நீளம், அடுத்த வரியில் போய் இடிக்கும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். தேதிக்குக் கீழே இரட்டைக் கோடு போடுகிற பழக்கமும் விட்டபாடில்லை. பெயரை மையடித்து மறைப்பார்கள். எழுத்தை மறைக்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தை நகல் எடுத்து வைத்துக்கொள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். சரி என்றாள்.

வாயால் சொல்ல வக்கில்லாதவள் இப்படித்தான் சொல்ல முடியும். இது சொல்வதாகுமா? தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

தபால்காரர் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். இன்று மின்கட்டண ரசீது.

மார்ச் 31, திங்கள்

வாட்ச்மேனை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சங்கத்தில் பேசினேன். "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றார் செயலாளர். இந்த வார்த்தையை இனிமேல் யாரும் என்னிடம் சொல்லாமல் இருந்தால் தேவலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கீழே வந்தாள். கையில் தடித்த பழுப்பு உறை. பிரித்திருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, மேசைமேல் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று டிசம்பரில் எழுதிய புகாரின் நகல், பெயர் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். இன்னொன்று மார்ச் 10-இல் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல்.

"கண்ணாடியை மேலயே விட்டுட்டேன். நீங்களே படிங்க."

கண்ணாடி அவள் தலையில் ஏறியிருந்தது.

படித்தேன். முழுவதும் படித்தேன், 'பெறுநர்' தொடங்கி. இவர் சோபாவில் இருந்தார், மெஷின் இன்று பார்த்துக் காதில் இருந்தது. 'முப்பதுக்கும் மேற்பட்ட' என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். திரும்பவும் படித்தேன்.

"ஒன்பது" என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை.

"தெரியும்" என்றேன்.

"சத்தம், சத்தம்னு ஏழு தடவை எழுதியிருக்கு. ஒரு தடவை மேல வந்து சொல்லியிருந்தா நான் பாய் விரிச்சிருப்பேனே. எனக்கு என்ன தெரியும், கீழ எவ்வளவு கேக்கும்னு."

நான் தாளை மேசைமேல் வைத்தேன்.

"மொதல்ல எழுதினீங்களே, அஞ்சு கேள்வி. அதுவும் தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

தலையாட்டினேன். அதுவரை நேராக நின்றவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். புகாரைவிட அதுதான் அவளை வெட்டிவிட்டது. தாள்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். பதிவுத் தபால் ரசீதைக் கேட்டாள். இந்த நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போனதும் இவர் காது மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஒரு மெஷினைக் கழட்டினா முடிஞ்சுது. உனக்குக் கஷ்டமா இருந்துதுன்னா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

அவள் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். இரண்டு பேரும் என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அவள் மேல்முறையீட்டோடு சேர்க்கட்டும் என்று, என் பெயர், முகவரி, ஓய்வூதிய எண் எல்லாம் போட்டு மாநகராட்சிக்கு ஒரு கடிதம். 'முப்பதுக்கும் மேற்பட்ட என நான் எழுதியது உண்மையல்ல. ஒன்பது குழந்தைகளே இருந்தனர். அது தெரிந்தே எழுதினேன்.' 'தெரிந்தே' என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி அழித்தேன், மூன்றாவது தடவை விட்டுவைத்தேன்.

அவள் கதவுக்கு அடியில் தள்ளினேன். கொஞ்ச நேரம் தாளின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பிறகு யாரோ உள்ளே இழுத்தார்கள்.

மே 15, வியாழன்

மேல்முறையீட்டு விசாரணை. என் பழைய கட்டடம், மூன்றாவது மாடி. இப்போது அதிகாரியாக இருக்கிற பெண் என்னிடம் தட்டச்சு கற்றுக்கொண்டவள். "அம்மா, நீங்களா?" என்று எழுந்தவள், கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னை 'புகார்தாரர்' என்றே கூப்பிட்டாள். விதிப்படி அதுதான் சரி.

ஆய்வுக்கு வந்தவனின் அறிக்கையில் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு நேரே 'புகாரில் கண்டவாறு' என்று இருந்ததாம். மேல்வீட்டுக்காரி அந்த நகலை நீட்டினாள்.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவள் முன்னால், நான் பின்னால்.

ஜூன் 4, புதன்

சீலை எடுத்துவிட்டார்கள். அரக்கைச் சுரண்டுகிற சத்தம் கீழேவரை கேட்டது.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் படி நிறையக் குட்டிக் குட்டிச் செருப்பு. அந்த நர்ஸின் குழந்தை என்னைத் தாண்டி மேலே ஓடியது. மேல்வீட்டுக்காரி கதவருகில் நின்றிருந்தாள், சாவிக்கொத்து இடுப்பில். என்னைப் பார்த்தாள். 'அக்கா' என்று கூப்பிடவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பத்து மணி ஆகியும் மாடியில் எதுவும் கேட்கவில்லை. குழந்தைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விட்டாளோ என்று நினைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். குழாயை இறுக்கி மூடினேன். இவரைக் கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். நாற்காலிமேல் ஏறி நின்றுதான் கேட்டேன், பஞ்சுக்குள்ளே நடப்பதுபோல ஒன்பது பேருடைய காலடி.

இரண்டு அறை முழுக்கப் பாய் விரித்திருக்கிறாள்.